பகலில் மூடிய கூரை

மதியம் பன்னிரண்டு மணிக்கு அனுஜின் ஐம்பத்தொன்று புள்ளி மூன்று கிலோ இருந்தாள். மறுநாள் காலை ஐம்பதுக்குள் வர வேண்டும்.

வெளியே மைனஸ் இருபத்தொன்பது. எங்கள் மேட்டிலிருந்து பார்த்தால் கீழே உலான்பாத்தர் நகரம் தெரியவில்லை. புகைதான் தெரிந்தது. போன குளிர்காலம் அந்தப் புகைக்குள் மூன்று வாரம் ஓடினாள். மார்ச் வரை இருமினாள். அதன்பிறகு, அடுப்புகள் எரியத் தொடங்கினால் நாங்கள் வெளியே ஓடுவதில்லை.

குத்துச்சண்டைக் கூடத்துக்கு எதிரே ஒன்பது மாடிக் கட்டடம் ஒன்று இருக்கிறது. அதன் படிகளில் ஏறி இறங்கினாள், ஒரு நாளைக்குப் பன்னிரண்டு தடவை. குடியிருப்பவர்களுக்குச் சத்தம் பிடிக்கவில்லை. நவம்பரில் கதவுக்கு எண்பூட்டுப் போட்டுவிட்டார்கள்.

பிறகு எங்கள் வீடான வட்டக் கூடாரத்துக்குள்ளேயே. நடுவில் அடுப்பு. அடுப்புக்கும் கட்டிலுக்கும் இடையே ஒன்றரை மீட்டர். கயிறு சுழற்றினால் கூரைக் கம்புகளில் அடித்தது. கயிறு இல்லாமல், மணிக்கட்டை மட்டும் சுழற்றிக் குதித்தாள். நிலக்கரிக் கட்டி மூட்டைகள் இரண்டை அடுக்கி, அதில் ஏறி இறங்கினாள். மூன்று நிமிடம் வேலை, ஒரு நிமிடம் ஓய்வு. மணியடிக்க ஒரு சின்னக் கடிகாரம் வைத்திருந்தேன்.

நான் அவளுடைய அண்ணன். பயிற்சியாளனும் நான்தான்.

"வேர்க்கவே மாட்டேங்குதுண்ணே."

"பிளாஸ்டிக் சட்டைக்கு மேல என் கோட்டையும் போட்டுக்க."

போட்டுக்கொண்டாள். "சுட்ட கல்லை வயித்துல வச்சுத் தைச்சு வேகவைக்கற வெள்ளாடு மாதிரி இருக்கேன்."

"ஆடு இவ்வளவு பேசாது. குதி."

அரியுன்ஸுலிடம் இரண்டு இறுதிப் போட்டிகளில் தோற்றிருக்கிறாள். இரண்டுமே ஒரே ஒரு நடுவரின் மதிப்பெண் வித்தியாசத்தில் போனவை. மறுநாள் நடக்கவிருந்தது மூன்றாவது. ஜெயித்தால் தேசிய முகாம். அனுஜினுக்கு இருபத்தேழு வயது. நான்காவது இருக்காது என்று இருவருக்கும் தெரியும்.

அடுப்பில் கரியை நிரப்பினேன். சூடு வெளியே போகாமலிருக்கப் புகைக்குழாயின் தகட்டைப் பாதி திருப்பினேன். வெளியே போய்க் கயிற்றை இழுத்து, கூரை நடுவிலுள்ள திறப்பைத் துணியால் முழுதும் மூடினேன். இரவில் மூடுவோம், விடிந்ததும் திறப்போம். பகலில் அதை மூடுவது வீட்டில் சாவு விழுந்தால்தான். எனக்கு அது நினைவுக்கு வரவில்லை. ஒன்று புள்ளி மூன்று கிலோ மட்டுமே நினைவில் இருந்தது.

"எட்டு ரவுண்டு. நான் தண்ணி பிடிச்சிட்டு வந்துடறேன்."

"தண்ணியப் பத்தி என்கிட்ட பேசாதண்ணே."

தண்ணீர்க் கொட்டகையில் வரிசை நீளமாக இருந்தது. வண்டியை இழுத்துக்கொண்டு திரும்ப முக்கால் மணி நேரம் ஆயிற்று.

கூடாரத்தின் கதவு திறந்து கிடந்தது. பக்கத்து வளவு சுரேன் அக்கா, அனுஜினைக் கக்கத்தில் பிடித்துப் பனிமேல் இழுத்துக்கொண்டிருந்தார்.

"யாரு போயிட்டாங்கன்னு கேக்க வந்தேன்டா. கதவைத் திறந்தா இவ கெடக்கறா. அந்தப் பெட்டி கத்தலையா?"

சுவரில் தொங்கும் மஞ்சள் பெட்டியைச் சொன்னார். கரியடுப்பின் நச்சு வாயு உள்ளே நிறைந்தால் அது கத்தும்.

"கத்தலக்கா."

நவம்பரில் அதன் பேட்டரிகளைக் கழற்றி ரவுண்டு கடிகாரத்தில் போட்டிருந்தேன். அதைச் சொல்லவில்லை.

அனுஜின் கண்ணைத் திறந்தாள். பனியில் வாந்தி எடுத்தாள். போனை எடுத்தேன். என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஆஸ்பத்திரி வேண்டாம். எழுதிடுவாங்க. எழுதினா நாளைக்கு விடமாட்டாங்க."

"ரெண்டு பேரும் மண்டைக்குள்ள கையுறையத்தான் வச்சிருக்கீங்க" என்றார் சுரேன் அக்கா. தன் மேலங்கியைக் கழற்றி அவள்மேல் போர்த்தினார். "கூப்பிடுடா."

நான் கூப்பிடவில்லை.

ஒரு மணி நேரம் கழித்து எடை பார்த்தாள். ஐம்பது புள்ளி நான்கு.

"வாந்தியும் நல்ல பயிற்சிதாண்ணே" என்றாள். சிரித்தாள். பிறகு தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

காலையில் பேருந்துக்குக் கிளம்பும்போது கோட்டின் முதல் பொத்தானை மூன்று தடவை முயன்று போட்டாள். திரும்பி நின்றுதான் போட்டாள். ஆனால் பார்த்துவிட்டேன்.

எடை பார்ப்பதற்கு முன் மருத்துவப் பரிசோதனை. மருத்துவர் அவள் கண்ணில் டார்ச் அடித்துப் பார்த்தார்.

"தலைவலி?"

"இல்ல."

"மயக்கம், வாந்தி ஏதாவது?"

"இல்ல டாக்டர். நல்லா இருக்கேன்."

படிவத்தை என் பக்கம் தள்ளினார். "பயிற்சியாளர் கையெழுத்து."

பேனாவை எடுத்தேன். அனுஜின் என்னையே பார்த்தாள். அரியுன்ஸுலின் வலது கைக் குத்து எங்கே விழும் என்று எனக்குத் தெரியும். இரண்டு முறையும் நெற்றிப்பொட்டில்தான் விழுந்தது.

"நேத்து மதியம் மயங்கி விழுந்தா" என்றேன். "அடுப்பு வாயு. எச்சரிக்கைப் பெட்டியில இருந்த பேட்டரிய நான்தான் கழட்டியிருந்தேன்."

"பொய் சொல்றான் டாக்டர்."

அதுவரை அவள் என்னை அண்ணே என்றுதான் சொல்லியிருக்கிறாள்.

மருத்துவர் படிவத்தைத் திரும்ப இழுத்துக்கொண்டார். பெயரின்மேல் ஒரு கோடு போட்டார். "இப்பவே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க. ரத்தம் பார்க்கணும்."

அடுத்த அறையில் எடைக்கருவி இருந்தது. அனுஜின் நேராகப் போய் அதில் ஏறினாள். அவளை யாரும் கூப்பிடவில்லை, யாரும் தடுக்கவும் இல்லை. நாற்பத்தொன்பது புள்ளி எட்டு. எண் அணையும் வரை பார்த்துக்கொண்டு நின்றாள்.

"தண்ணி குடு."

கொடுத்தேன். பாதி வரை குடித்து நிறுத்தினாள்.

"பேட்டரிய எப்ப எடுத்த?"

"நவம்பர்ல."

மீதியையும் குடித்தாள்.