நீளப் படத்தில் போத்தன்

காலை ஏழு இருபதுக்கு அவிரா கேமராவோடு ஆற்றங்கரைச் சுவரில் முதுகை ஒட்டி நின்றார். அதற்கு மேல் பின்னால் போக வழியில்லை.

எதிரே தண்ணீரில் படகுக் கிளப்பின் சுண்டன், நீளமான பந்தயப் படகு. தொண்ணூற்று மூன்று ஆட்கள். போன வருடம் இதே இடத்தில் எடுத்த படத்தில் தொண்ணூற்று இரண்டு பேர்தான் இருந்தார்கள். விட்டுப்போனவர் பின்முனையில் துடுப்பு பிடிக்கும் போத்தன். அவிராவின் மனைவி ஏலிக்குட்டிக்கு ஒரே அண்ணன். அன்றிலிருந்து போத்தன் அவர்கள் வீட்டுப் படியேறவில்லை. அன்றிலிருந்து அவிராவின் தட்டில் கப்பைக்கிழங்கு மட்டும். மீன்கறி இல்லை.

“எங்க அண்ணன் படத்துல ஏறட்டும். அப்புறம் மீன் சட்டியில ஏறும்.” ஏலிக்குட்டி வேறெதுவும் சொல்லவில்லை.

இந்த முறை அவிரா பெரிய பிலிம் போடும் பழைய கேமராவைக் கொண்டுவந்திருந்தார். பெரிய பிலிம் கிடைக்கவில்லை. சின்ன பிலிம் சுருளின் இரு முனையிலும் தக்கை வைத்து உள்ளே உட்கார்த்தியிருந்தார். உயரம் கொஞ்சம்தான் வரும். நீளம் இரண்டு மடங்கு. கிளப் சுவருக்கு ஆசாரி செய்துவைத்த நீளச் சட்டத்துக்கு அதுதான் பொருந்தும்.

“அளியா, இந்தத் தடவ நான் உச்சியில நிக்கிறேன். எப்படி என்னை வெட்டுறீங்கன்னு பாக்குறேன்!” மச்சானிடம் கத்திவிட்டு, வளைந்து உயர்ந்த பின்முனையின் நுனிக்குப் போத்தன் ஏறினார்.

“ஆடாம நில்லுங்க அளியா!”

“நானா ஆடுறேன்? படகு ஆடுது!”

அவிரா அமுக்கினார்.

படத்தைப் பெரிதாக்கியபோது முழுப் படகும் இருந்தது. ஆனால் ஒன்றை அவர் யோசிக்கவில்லை. சின்ன கேமராவில் பிலிமின் ஓரத் துளைகள் படத்துக்கு வெளியே நின்றுவிடும். இதில் படம் ஓரம்வரை விழுந்திருந்தது. ஒவ்வொரு துளையும் ஒரு கறுப்புக் கட்டம். கீழ்வரிசை தண்ணீரில். மேல்வரிசை வானத்தில், ஒன்றைத் தவிர. அந்த ஒன்று போத்தனை இடுப்புக்கு மேல் முழுசாக மறைத்து உட்கார்ந்திருந்தது.

அவிரா வீட்டு ஆல்பத்தை எடுத்தார். அதில் போத்தனைத் தேடினார். ஒரே ஒரு படம் கிடைத்தது. கத்தரிக்கோல் எடுத்தார். பசை எடுத்தார்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் கிளப்பில் படத்தை மாட்டினார்கள். ஏலிக்குட்டி மூடிய சட்டியோடு வந்திருந்தாள். குடம்புளி போட்ட மீன்கறி மணம் மூடிக்கு அடங்கவில்லை.

போத்தன் முன்முனையில் விரலை வைத்து, கண்ணாடிமேல் முகம் முகமாக நகர்த்தினார். தொண்ணூற்று மூன்றாவது முகத்தில் விரல் நின்றது. மற்ற முகங்களைவிட அது மூன்று மடங்கு பெரிது.

“இருக்கேன்டி!” என்றார் தங்கையிடம்.

ஏலிக்குட்டி மூடியைத் திறந்தாள். அவிரா தட்டை நீட்டினார்.

போத்தன் இன்னும் கிட்டப் போய்ப் பார்த்தார்.

“அளியா, துடுப்புப் பிடிக்கும்போது நான் எப்போ கோட்டும் டையும் போட்டேன்?”