ஒவ்வொரு தெருவுக்கும் ஒரு வழக்கு

அண்ணி சட்டமன்ற உறுப்பினர் ஆனதும் கொழுந்தனுக்கு யோகம் அடித்துவிட்டது என்று அக்கம்பக்கத்தில் பேசிக்கொண்டார்கள். அண்ணியை அறியாதவர்கள் அப்படித்தான் பேசுவார்கள். அவர் இருபத்திரண்டு வருடம் பள்ளிக்கூடத்தில் கணக்குப் பாடம் எடுத்தவர். சொந்தத் தங்கையையே ஒன்பதாம் வகுப்பில் ஃபெயிலாக்கியவர். அந்தத் தங்கை இன்றுவரை அண்ணி வீட்டுக்கு வந்தால் பச்சைத் தண்ணீர்கூடக் குடிப்பதில்லை. காப்பி மட்டும் குடிக்கிறாள்.

ஆகவே கொழுந்தனுக்கு அவர் விதித்த நிபந்தனை கறாராகவே இருந்தது. தொகுதி மக்களுக்கு மாதாமாதம் போகிற மடலை அவன் எழுத வேண்டும். மூன்று மடல்கள். மூன்றிலும் ஒரு பிழைகூட இல்லாவிட்டால் வேலை நிரந்தரம். ஒரு பிழை இருந்தாலும் அண்ணனுடைய மெத்தைக் கடை.

மெத்தைக் கடையில் அவனுக்காக ஒரு வேலை காத்துக்கொண்டிருந்தது. வாடிக்கையாளர் கை காட்டுகிற மெத்தையில் ஏறிப் படுத்துக் காட்ட வேண்டும். கேட்டவர்கள் எல்லாரும் "கொடுத்து வைத்தவன்" என்று பெருமூச்சு விட்டார்கள். காலை பதினோரு மணிக்கு, சட்டை கசங்காமல், கண்ணைத் திறந்து வைத்தபடி படுத்திருக்க, சுற்றி நிற்கிற குடும்பம் "இவரு ஒல்லி, நம்ம மாமா படுத்தா பள்ளம் விழும்" என்று விவாதிப்பது என்ன பாடு என்று அவர்களுக்குத் தெரியாது. கொழுந்தன் ஒரு வாரம் படுத்துப் பார்த்திருந்தான். மடல் எழுதுவது அவனுக்குப் பிடித்திருந்தது. இருபத்தாறு வயதுவரை அவனுக்குப் பிடித்த வேலை என்று வேறெதுவும் அகப்படவில்லை.

மடலுக்கு இரண்டு பக்கம். முன்பக்கத்தில் 'சட்டமன்றத்தில்' என்ற தலைப்பில் மசோதா, விவாதம், வாக்கெடுப்பு. பின்பக்கத்தில் 'நம்ம பக்கத்தில்' என்ற தலைப்பில் நூலக நேரம், நீச்சல் வகுப்பு, காணாமல் போன பூனை. முதல் மடல் பிழையில்லாமல் போனது. இரண்டாவதும் போனது. அதை யாரும் படித்ததாகத் தெரியவில்லை என்பது வேறு விஷயம். பூனைகூடக் கிடைக்கவில்லை.

மூன்றாவது மடலில் முக்கியமான சங்கதி தெருவிளக்கு. அது பற்றிப் பொதுக் கருத்து கேட்க வியாழக்கிழமை மாலை ஐந்து மணிக்கு நகர மன்றத்தில் கூட்டம். அரசு அதிகாரி ஒருவர் வந்து கேட்டு எழுதிக்கொண்டு போவார். திட்டத்தின் முதல் கட்டத்திலேயே இந்தத் தொகுதிக்கு விளக்கு கிடைக்குமா, கிடைக்காதா என்பது அவர் எழுதுவதைப் பொறுத்தது. கொழுந்தன் பேச்சு வழக்கில் 'லைட்டு' என்றே எழுதியிருந்தான். தலைநகரத்துக்குக் கிளம்புகிற அவசரத்தில் அண்ணி படித்துப் பார்த்து, "எல்லாம் சரி. லைட்டுங்கறத எல்லா இடத்துலயும் நல்ல தமிழ்ல மாத்திட்டு அச்சுக்குக் குடு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

கணினியில் ஒரே தட்டில் எல்லா இடத்திலும் மாற்றிவிடலாம். உச்சரிப்பை ஆங்கில எழுத்தில் தட்டினால் தமிழ்ச் சொல்லைக் கணினியே எடுத்துக் கொடுக்கும். கொழுந்தன் ஓர் எழுத்தை மாற்றித் தட்டினான். கணினி ஒரு சொல்லை எடுத்துக் கொடுத்தது. அவன் பார்க்காமல் வாங்கிக்கொண்டான்.

திங்கட்கிழமை காலை மடல் பன்னிரண்டாயிரம் வீடுகளுக்குப் போய்ச் சேர்ந்தது. ஒன்பதரை மணிக்கு ஓய்வுபெற்ற தபால்காரர் அலுவலகத்துக்குள் நுழைந்தார்.

"தம்பி, எங்க நாலாவது குறுக்குத் தெருவுக்கு எப்பப் போடுவீங்க?"

"எதைங்கய்யா?"

"வழக்கு."

"என்ன வழக்கு?"

"என்னைக் கேட்டா? நீங்கதானே எழுதியிருக்கீங்க!" அவர் மடலைப் பிரித்து, மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டு, ராகம் போட்டுப் படித்தார். "'தெருவழக்கு மசோதா நிறைவேறியதும் நம் தொகுதியில் ஒவ்வொரு தெருவுக்கும் வழக்கு போடப்படும். இருட்டான தெருக்களுக்கு முன்னுரிமை. இவை சூரிய சக்தியில் இயங்கும் நவீன வழக்குகள். மாலை ஆறு மணிக்குத் தாமாகவே பற்றிக்கொள்ளும். ஒரு முறை போட்டால் பத்து வருடம் விடாமல் எரியும்.' நல்ல திட்டம் தம்பி. டீச்சர் டீச்சர்தான்."

கொழுந்தன் மடலை வாங்கிப் பார்த்தான். எண்ணினான். பதினோரு இடம். அண்ணனுடைய கடையில் பதினோரு மெத்தைகள் வரிசையாக விரித்துக் கிடப்பது அவன் கண்ணுக்குத் தெரிந்தது.

யாரும் படிப்பதில்லை என்பதுதான் அதுவரை அவனுக்கு இருந்த குறை. அதையே இப்போது நம்பிக்கையாகப் பிடித்துக்கொண்டான். நம்பிக்கை பத்தேகால் மணிவரை தாங்கியது. பத்தேகாலுக்குப் பல் டாக்டர் வந்தார், கையில் மூன்று பக்கம் எழுதிக்கொண்டு. அவருக்குப் பின்னால் தையல்கடைக்கார அம்மா. மதியத்துக்குள் வரிசை படியைத் தாண்டி வாசலுக்குப் போய்விட்டது. யாருக்கும் கோபம் இல்லை. ஒவ்வொருவருக்கும் யார் மேலாவது ஒரு வழக்குப் போட வேண்டியிருந்தது. அரசாங்கமே போட்டுத் தருகிறது என்றால் கசக்குமா?

கோபப்பட்டது ஒரே ஒரு அம்மாள். "எங்க தெரு வெளிச்சமா இருக்குன்னா எங்களுக்கு வழக்கு வேண்டாமா? நாங்களுந்தானே ஓட்டுப் போட்டோம்?"

"பரிசீலிக்கிறோம்மா" என்றான் கொழுந்தன். வேறு என்ன சொல்வது?

மாலையில் அண்ணி தொலைபேசியில் கூப்பிட்டார். "மடல் போயிருச்சா? எப்படி இருக்கு?"

"நல்ல வரவேற்பு அண்ணி."

அது பொய் இல்லை. அதனால்தான் அவனுக்கு இரண்டு நாள் தூக்கம் வரவில்லை.

புதன்கிழமை அச்சகத்துக்காரன் வந்து உட்கார்ந்தான். பள்ளிக்கூட நாளிலிருந்தே கூட்டாளி. "எதுக்குடா முகத்தத் தூக்கி வச்சிருக்க? அச்சுப் பிழைன்னு சொல்லிடு. பழியை என் மேல போடு. அச்சகம்னு ஒண்ணு எதுக்கு இருக்கு?"

"பதினோரு இடத்துலயாடா?"

"மிஷின் ஒரு தடவ பிடிவாதம் பிடிச்சா விடாதுன்னு சொல்லு. அண்ணி கணக்கு டீச்சர்தானே, மிஷின் டீச்சர் இல்லையே."

கொழுந்தன் அன்று முழுக்க அந்த வசனத்தை மனப்பாடம் செய்தான்.

நகர மன்றக் கூட்டங்களுக்கு வழக்கமாக ஏழு பேர் வருவார்கள். அதில் நான்கு பேர் பிஸ்கட்டுக்காக வருபவர்கள். வியாழக்கிழமை ஐந்து மணிக்கு முந்நூறு பேருக்கு மேல் இருந்தார்கள். பக்கத்துப் பள்ளிக்கூடத்திலிருந்து நாற்காலி தூக்கிவர வேண்டியிருந்தது. பிஸ்கட் ஆட்கள் நால்வரும் உட்கார இடமில்லாமல் கதவோரம் நின்று, காலம் கெட்டுப்போனதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். அதிகாரி முன்வரிசையில் பேனாவைத் திறந்து வைத்திருந்தார்.

ரயிலிலிருந்து நேராக வந்த அண்ணி வாசலில் நின்றுவிட்டார். "என்ன தம்பி, மன்றத்த வேற யாருக்காவது வாடகைக்கு விட்டுட்டாங்களா?"

அவன் வாயைத் திறப்பதற்குள் கூட்டத்திலிருந்து குரல் வந்தது. "டீச்சர்! வழக்குப் பட்டியல எப்ப வாசிப்பீங்க?"

அண்ணி பக்கத்தில் இருந்தவரிடம் மடலை வாங்கினார். படித்தார். அவருடைய வலது கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் தாமாகச் சேர்ந்து, இல்லாத ஒரு சிவப்புப் பேனாவைப் பிடித்துக்கொண்டன.

"கொழுந்தனாரே" என்றார். அண்ணிக்குக் கோபம் ஏற ஏற மரியாதையும் ஏறும். "இது அச்சுல நடந்ததா, உங்க கையில நடந்ததா?"

மூன்றாவது வரிசையில் அச்சகத்துக்காரன் 'அச்சுல, அச்சுல' என்று தலையால் ஜாடை காட்டிக்கொண்டிருந்தான். கழுத்து சுளுக்கிக்கொள்ளும்போல இருந்தது. மனப்பாடம் செய்த வசனம் கொழுந்தனுக்குத் தொண்டைவரை வந்தது. அதற்கு மேலே வரவில்லை.

"என் கையிலதான் அண்ணி. பதினோரு இடம்."

"மேடையில ஏறி அதையே சொல்லுங்க."

அவன் ஏறினான். ஒலிபெருக்கி கீச்சிட்டது. "எல்லாருக்கும் வணக்கம். மடல் எழுதறது நான்தான். அது வழக்கு இல்லீங்க. விளக்கு. தப்பு என்னோடது."

தபால்காரர் எழுந்தார். "எல்லா வழக்குமே விளக்கா?"

"எல்லாமேங்கய்யா."

"பத்து வருஷம் விடாம எரியும்னு போட்டது?"

"விளக்குதாங்க."

"அதை மட்டும் திருத்தாதீங்க" என்று பின்வரிசையிலிருந்து வக்கீல் ஒருவர் சொன்னார். "இருவத்தஞ்சு வருஷ அனுபவத்துல சொல்றேன், வழக்குக்கும் அது சரிதான்."

சிரிப்பு அடங்கியதும் பல் டாக்டர் காகிதங்களை உயர்த்திக் காட்டினார். "அப்ப நோயாளிங்கள காக்க வச்சிட்டு எழுதின இந்த மூணு பக்கத்த நான் என்ன பண்றது?"

"படிங்க டாக்டர்" என்றான் கொழுந்தன். மேடையிலிருந்து எப்படி இறங்குவது என்று தெரியாததால்தான் சொன்னான்.

டாக்டர் படித்தார். அவருடைய மருத்துவமனை வாசலில் நடைபாதைக் கல் பெயர்ந்து கிடக்கிறது. தடுக்கி விழுந்த ஒருவர் முன்பல்லைக் கையில் பிடித்துக்கொண்டு உள்ளே வந்தார். "புடுங்கறதுக்கு நான் இருக்கேன், அவரு தானா புடுங்கிட்டு வந்து நிக்கறாரு. அந்தக் கல்லு போட்டவன் மேல வழக்குப் போடணும்."

"எத்தன மணிக்கு விழுந்தாரு?" என்று அண்ணி கேட்டார்.

"ஏழு, ஏழரை இருக்கும். கல்லு இருக்கறதே தெரியல."

அண்ணி கரும்பலகையை இழுத்துவரச் சொல்லி, நடுவில் ஒரு கோடு போட்டார். இடப்பக்கம் 'இருட்டு'. வலப்பக்கம் 'மற்றவை'. பல் இடப்பக்கம் போனது. தையல்கடை அம்மாளின் வாசலில் யாரோ குப்பையைக் கொட்டிவிட்டுப் போவதும் இடப்பக்கம் போனது. யார் என்று தெரிந்தால் அவரே பார்த்துக்கொள்வார், வழக்கு வேண்டாம் என்றார். தபால்காரர் தன்னுடையதைக் கொஞ்சம் தயங்கித்தான் சொன்னார்.

"முப்பது வருஷம் தபால் குடுத்த தெரு டீச்சர். போன மாசம் இருட்டுல என் வீடுன்னு நெனச்சு அடுத்த வீட்டுக்குள்ள போயி உக்காந்துட்டேன். அந்தம்மா டீ குடுத்துட்டுத்தான் யாருன்னு கேட்டாங்க."

"இதுல யார் மேல வழக்கு?"

"அதான் யோசிச்சிட்டிருக்கேன். டீயும் நல்லாத்தான் இருந்துச்சு."

வலப்பக்கத்தில் ஒரே ஒரு புகார் நிலைத்தது. மாடியில் நின்று ட்ரம்பெட் வாசிக்கிற ஒருவரைப் பற்றி அவருடைய தெருவே சேர்ந்து எழுதிய மனு. அவரும் கூட்டத்தில்தான் இருந்தார். பொறுமையாக எழுந்தார்.

"தெருவுல வெளிச்சம் இருந்தா நோட்டப் பாத்து வாசிப்பேன். இப்ப குத்துமதிப்பா வாசிக்கறேன்."

அண்ணி வலப்பக்கத்தை அழித்து, ட்ரம்பெட்டை இடப்பக்கத்தில் எழுதினார்.

அதிகாரி எழுந்தார். "பதினாறு தொகுதி சுத்திட்டேன் மேடம். எல்லா இடத்துலயும் விளக்கு வேணும்னு கையெழுத்துப் போட்ட தாளை நீட்டுவாங்க. எதுக்கு வேணும்னு ஒருத்தரும் சொன்னதில்ல." பட்டியலில் இந்தத் தொகுதிக்கு நேராக 'முதல் கட்டம்' என்று எழுதிவிட்டு, கரும்பலகையைக் கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டார்.

கூட்டம் கலைந்த பிறகு கொழுந்தன் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டே மெதுவாகக் கேட்டான். "அண்ணி, நாளைக்குக் கடைக்கு எத்தன மணிக்குப் போகணும்?"

"ஒம்பதுக்கு."

அவன் கையில் இருந்த நாற்காலி கனத்தது. "முதல் கட்டம் கெடச்சிருச்சே அண்ணி..."

"விடை சரி. வழிமுறை தப்பு. நான் எப்பவும் வழிமுறைக்குத்தான் மார்க் போடுவேன்." அண்ணி கைப்பையைத் தோளில் மாட்டினார். "ஃபெயில். ஆனா கேட்டதும் உண்மையச் சொன்ன. அதனால மறுதேர்வு. காலையில மெத்த, சாயங்காலம் மடல். இன்னும் மூணு. அதுலயும் தப்பு வந்தா நாள் முழுக்க மெத்ததான்."

அவன் நாற்காலியை அடுக்காமல் அதிலேயே உட்கார்ந்தான். கணினியை நம்பாமல், மீந்துபோன மடல் ஒன்றின் ஓரத்தில் பேனாவாலேயே எழுதினான்: 'திருத்தம். சென்ற மடலில் வழக்கு என்று வந்த இடங்களில் எல்லாம் விளக்கு என்று படிக்கவும். பிழைக்கு வருந்துகிறோம்.' எழுந்து போய் நீட்டினான்.

அண்ணி ஒவ்வோர் எழுத்துக்கும் கீழே விரலை வைத்துப் படித்தார். கடைசிச் சொல்லில் விரல் நின்றது.

"இதுல இன்னொருத்தர் யாரு?"

"நீங்களும் நானும் அண்ணி."

"நான் எதுக்கு வருந்தணும்? முந்நூறு பேர் வந்திருக்காங்க. நீ மட்டும் வருந்து."

கொழுந்தன் 'றோம்' என்பதை அடித்துவிட்டு 'றேன்' என்று எழுதினான்.