ராசிங்காபுரம் போன ஆஸ்டின்

எழுபத்தெட்டாம் வருஷம் ஆனியில் சாரல் பிடித்ததும், கோட்டைச்சாமி தன் பழைய ஆஸ்டின் காரை மழை முடியும்வரை நிறுத்திவைக்க ஏற்பாடு செய்தார். போடிமெட்டுக்கு மேலே ஏலத்தோட்டம் வைத்திருந்தவர் அவர். ஊர் திரும்பிய வெள்ளைக்காரரிடம் வாங்கிய கார் அது. போடியிலிருந்து வந்த மெக்கானிக் கன்னையன், வீட்டையொட்டிய கொட்டகையில் நாலு சக்கரமும் தரையில் படாதபடி காரைக் கட்டைகள்மேல் ஏற்றினான். அடியெல்லாம் கிரீஸ் பூசினான். எலி அண்டாமலிருக்க சீட்டுக்கடியில் பாச்சை உருண்டை போட்டான். வாராவாரம் எஞ்சினை ஓட்டி, கியர் போட்டுச் சக்கரத்தைச் சுற்றவிட வேண்டும், இல்லையென்றால் எல்லாம் இறுகிவிடும் என்று சொல்லிவிட்டு ஜீப்பேறினான்.

முதல் வெள்ளிக்கிழமை கோட்டைச்சாமி கொட்டகைக் கதவை அகலத் திறந்துவைத்துவிட்டு ஸ்டியரிங் முன் உட்கார்ந்தார். பின்சக்கரங்கள் அந்தரத்தில் சுற்றின. சும்மா உட்கார்ந்திருக்க அவருக்கு மனம் வரவில்லை. கியரை மாற்றினார், வளைவுக்கு வளைவு ஆரன் அடித்தார். காப்பி கொண்டுவந்த மனைவி அன்னக்கொடி எங்கே பயணம் என்று கேட்டாள். போடி வரைக்கும் என்றார். அவளும் ஏறிக்கொண்டாள்.

அடுத்த வாரம் தேனிச் சந்தைக்குப் போனார்கள். மதுரைக்குப் போனபோது அன்னக்கொடிக்குக் குமட்டிக்கொண்டு வந்து, ஆண்டிபட்டியில் நிறுத்தச் சொன்னாள்.

ஆடியில் ஒருநாள், "ராசிங்காபுரம் போவமா?" என்றாள்.

அது அவள் பிறந்த ஊர். அங்கே அவள் அண்ணன் வெள்ளைத்துரை வீட்டுக் காதுகுத்தில் கோட்டைச்சாமியைப் பந்திக்கு யாரும் அழைக்கவில்லை. இனி என் கார் சக்கரம் இந்த மண்ணில் படாது என்று சத்தியம் செய்துவிட்டு வந்தவர் அவர். அன்றிலிருந்து அவள் பஸ்சில் தனியாகத்தான் போய்வந்தாள்.

"சத்தியம் பண்ணிருக்கேன்ல."

"சக்கரம் எங்க மண்ணுல படுது?"

கோட்டைச்சாமி இறங்கிக் குனிந்து பார்த்தார். படவில்லை.

அவள் பட்டுச்சேலை கட்டி, வாழைப்பழமும் அதிரசமும் எடுத்துக்கொண்டாள். அவர் சலவை வேட்டிக்கு மாறினார். மலையிறக்கத்தை இரண்டாம் கியரிலேயே நிதானமாகக் கடந்தார். ஊர் வந்துவிட்டது என்று அவள் சொன்னதும், யாரும் கூப்பிடாமல் இறங்க மாட்டேன் என்று எஞ்சினை ஓடவிட்டபடியே இருந்தார்.

அந்த நேரம் பார்த்து, ஏல நாற்று வாங்க மலையேறிய வெள்ளைத்துரை கொட்டகைக்குள் நுழைந்தார். வழியில் மண் சரிந்து, ஜீப்பை விட்டுவிட்டு நனைந்துகொண்டே நடந்து வந்திருந்தார். அன்னக்கொடி அண்ணனிடம் விஷயத்தைச் சொன்னாள். அவர் கொஞ்சநேரம் சுற்றுகிற சக்கரத்தைப் பார்த்தார். பிறகு துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்து கார்க் கதவைத் திறந்தார்.

"வாங்க மாப்ளே. அன்னைக்குப் பந்தி நெரிசல்ல கவனிக்காம விட்டுட்டேன், தப்புத்தான். எறங்குங்க, சாப்பிடலாம்."

கோட்டைச்சாமி எஞ்சினை அணைத்துவிட்டு இறங்கினார். வீட்டுக்குள் போனதும், கைகழுவ எங்கே தண்ணீர் என்று கூச்சத்தோடு கேட்டார். வெள்ளைத்துரைதான் பரிமாறினார். இரண்டாம் முறை குழம்பு ஊற்ற வந்தபோது கோட்டைச்சாமி இலையைக் கையால் மறைத்துக்கொண்டார். சாப்பிட்டு முடித்ததும், தோட்டத்தில் சோலி கிடக்கிறது, கிளம்ப வேண்டும் என்றார். மழை பிடித்திருக்கிறது, ரோடும் போய்விட்டது, இரண்டு நாள் இருந்துவிட்டுத்தான் போக வேண்டும் என்று வெள்ளைத்துரை பிடிவாதமாகச் சொன்னார். மச்சான் பேச்சைத் தட்ட முடியாமல் அவரும் சம்மதித்துக் கட்டிலில் சாய்ந்தார்.

சாயங்காலம் தோட்ட வேலையாள் பால்பாண்டி, ஏலக்காய் உலர்த்த அடுப்பு மூட்டலாமா என்று முதலாளியைக் கேட்க வந்தான். அவர் ஊரில் இல்லை என்று சொல்லி அன்னக்கொடி அவனைத் திருப்பி அனுப்பினாள்.