மடியக்கா வீட்டுப் பஞ்சுக்கூடு

மடியக்கா வீட்டில் பிள்ளைகளுக்கென்று இரண்டு அறைகள் உண்டு. ஒன்று பிள்ளைகள் தூங்குகிற அறை. அதில் ஒரு பழைய கட்டில், மடிக்காமல் குவித்த துணி, கை போன ஒரு பொம்மை. இன்னொன்று பிள்ளைகள் தூங்குவதாக ஊர் நம்புகிற அறை. அதற்கு இளம்பச்சை அடித்து, பஞ்சு மேகங்களைத் தொங்கவிட்டு, மூன்று பக்கமும் லைட் ஸ்டாண்டுகளை நிறுத்தியிருந்தார்கள். அந்த அறையில் எந்தப் பிள்ளையும் ஒரு முழுத் தூக்கம் தூங்கியதில்லை. ஆனால் 'குழந்தைக்கு அமைதியான அறை எப்படி இருக்க வேண்டும்' என்று மடியக்கா மணிக்கணக்கில் பாடம் நடத்தியது அங்கே நின்றுகொண்டுதான்.

மடியக்கா என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் இல்லை. 'அம்மா மடி' என்ற பிள்ளை வளர்ப்புச் சேனலை நடத்துகிறவள் என்பதால் பார்க்கிறவர்கள் வைத்தது. பிள்ளைக்கு இருமல் வந்தால் டாக்டருக்கு முன்னால் மடியக்காவைப் பார்க்கிற அம்மாக்கள் லட்சக்கணக்கில் இருந்தார்கள். அவளுக்குக் கேமரா பிடிப்பவன் கூடப்பிறந்த தம்பி. கல்யாண வீடுகளில் படம் பிடித்துத் திரிந்தவனை அக்காதான் கூப்பிட்டு மாதச் சம்பளத்தில் உட்கார வைத்தாள். அவனும் எடுப்பார் கைப்பிள்ளை. அக்கா 'இப்படித் திருப்பு' என்றால் கேமராவைத் திருப்புவான், 'அப்படிச் சொல்லு' என்றால் வாயைத் திருப்புவான்.

அன்றைக்குப் படம் பிடித்தது பஞ்சுக்கூட்டை. நாலு பக்கமும் மெத்தென்று மேடு கட்டி, தலைமாட்டில் சரிவு வைத்துத் தைத்த குழந்தைப் படுக்கை அது. கொண்டுவந்த விளம்பர ஏஜென்சிக்காரன் மூலையில் ஒரு முக்காலியில் உட்கார்ந்து, நீதிபதி மாதிரி காலை ஆட்டிக்கொண்டிருந்தான்.

"அக்கா, விளம்பரம்ங்கிற வார்த்தை மட்டும் எங்கயும் வேணாம். கீழ சின்ன எழுத்துலகூட வேணாம். போட்டா ஒருத்தரும் நின்னு பாக்க மாட்டாங்க. உங்க மனசுல இருந்து வர்ற மாதிரி இருக்கணும்."

"என் மனசுல இருந்து எது வராது சொல்லு?" என்றாள் மடியக்கா, உதட்டுச் சாயத்தைத் துடைத்துக்கொண்டே. தூங்காத தாய்க்கு உதட்டுச் சாயம் ஆகாது அல்லவா?

அவளுடைய ஏழு மாதப் பிள்ளை மட்டும் மனசிலிருந்து நடந்துகொண்டது. கூட்டில் கிடத்திய மாத்திரத்தில் வீல் என்று அலறியது. இரண்டு முறை பார்த்தார்கள், மூன்று முறை பார்த்தார்கள். கடைசியில் பிள்ளையைப் பழைய அறைக்குக் கொண்டுபோய், ஆயாம்மா தோளில் போட்டுத் தட்டித் தூங்க வைத்தார்கள். பிறகு கேமராக்காரன் அலுங்காமல் தூக்கி வந்து பஞ்சுக்கூட்டில் வைத்தான். அவன் கைக்குப் பிள்ளை விழிக்காது என்று அந்த வீட்டில் பெயர். மடியக்கா அருகில் முழங்காலிட்டுக் கண் கலங்கினாள். "இவன் பொறந்ததுல இருந்து நான் தூங்கல. ஒரு தோழி சொல்லித்தான் இது எனக்குத் தெரியும். இப்போ தினமும் இவன் இதுலதான் தூங்குறான்" என்று சொன்னாள். அந்தத் தோழி மூலையில் முக்காலியில் காலாட்டிக்கொண்டிருந்தான்.

ஏஜென்சிக்காரன் படியிறங்கியதும் மடியக்கா பிள்ளையை வெடுக்கென்று வாரி எடுத்தாள்.

"இதைக் கொண்டுபோய்ப் பரண்ல போடுடா. தலை சரிஞ்சு தாடை நெஞ்சுல இடிக்குது பாரு. இதுல தூங்கவிட்டா எனக்கு ஈரக்குலையே நடுங்குது."

கேமராக்காரன் அதைப் பரணில் போட்டான். அக்கா பேச்சைத் தட்டாதவன்.

அவன் வீட்டில் இரண்டு மாதப் பெண் குழந்தை ஒன்று இருந்தது. தலைப்பிள்ளை. அவன் மனைவிக்கு ஒத்தாசைக்கு ஆளில்லை. அவளுடைய அம்மா வெகு தொலைவில், போனில் மட்டும் இருக்கிற அம்மா. பிள்ளை பகலும் தூங்காது, இரவும் தூங்காது. அவள் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு ஹாலுக்கும் சமையலறைக்கும் நடந்து நடந்து ஒரு நிழலாகிவிட்டிருந்தாள். நாத்தனாரின் வீடியோக்கள்தான் அவளுக்குத் துணை. சொந்தக்காரி என்பதால் நம்பவில்லை. மடியக்கா அழும்போது இவளும் அழுதாள், அதனால் நம்பினாள்.

பஞ்சுக்கூடு வீடியோவை மூன்று முறை பார்த்துவிட்டு அவள் கணவனிடம் கேட்டாள்.

"ஏங்க, நீங்கதானே எடுத்தீங்க? அண்ணி நிஜமாவே பிள்ளைய இதுலதான் போடுறாங்களா?"

கேட்டது ஒரே ஒரு கேள்வி. இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் தீர்ந்தது. அவனோ காய்ந்த துணியை மடித்துக்கொண்டே, "ம்ம்... வாங்கி வச்சிருக்காங்க" என்றான். பொய் இல்லையாம்! பரணில் வைத்திருப்பதும் வைத்திருப்பதுதானே! இப்படி மென்று விழுங்குகிற ஆண்களுக்கென்று ஒரு நரகம் இருந்தால் அங்கே இடம் போதாது.

அவள் அண்ணிக்கே போன் போட்டு நன்றி சொன்னாள். அண்ணி மனம் பூரித்து, புத்தம் புதிதாக ஒரு பஞ்சுக்கூட்டை வீட்டுக்கே அனுப்பி வைத்தாள். அதைப் பார்த்ததும் கேமராக்காரன் மொட்டை மாடிக்கு ஓடிப் போய் அக்காவை அழைத்தான்.

"என்னக்கா, இதைப் போய் அனுப்பியிருக்கே?"

"அவளா போன் பண்ணிக் கேக்கும்போது நான் என்னடா செய்யட்டும்? இல்லைன்னு சொன்னா ஏன்னு கேப்பா."

"நான் சொல்லிடுறேன்."

"சொல்லு, தாராளமா சொல்லு. அவ அவங்கம்மாகிட்ட சொல்லுவா, அந்தம்மா ஊருக்கே சொல்லும். அப்புறம் நீ மறுபடியும் கல்யாண வீட்ல போய் நில்லு. டேய், உன் பிள்ளைய நைசா எடுத்துக் கீழ போட்டுடு. அதுக்கு எதுக்குக் காரணம் எல்லாம் சொல்லணும்? ஊர்ல சேனல் வச்சிருக்கிற எல்லாரும் இப்படித்தான் செய்றாங்க, நான் மட்டும் என்ன புதுசாவா?"

உன் பிள்ளையை எடுத்துவிடு என்றாள். மற்ற பிள்ளைகளைப் பற்றி அவள் பேசவில்லை, அவனும் கேட்கவில்லை. மாடிப்படி இறங்குகிற நேரம் மட்டும் அந்தப் பிள்ளைகளை நினைத்துப் பார்த்தான். கீழே வந்ததும் மறந்துவிட்டான்.

அன்றிலிருந்து அவன் ஒரு கூத்துக் கட்டினான். பஞ்சுக்கூடு சூடாக இருக்கிறது, பிள்ளைக்கு வேர்க்கிறது என்றான். அவள் மின்விசிறியைப் பக்கத்தில் நகர்த்தினாள். சாயம் போகிறது என்றான். அவள் ஈரத்துணியால் தேய்த்துப் பார்த்து, போகவில்லையே என்றாள். ஒருநாள் கை தவறியதுபோல் டீயை அதன் மேல் கொட்டினான். அவள் துவைத்து, வெயிலில் காயவைத்து, சாயங்காலமே பிள்ளையைக் கிடத்திவிட்டாள். வேறு வழி தெரியாமல் வீட்டில் இருக்கிற நேரமெல்லாம் பிள்ளையைத் தன் தோளிலேயே போட்டுக்கொண்டு அலைந்தான். படம் பிடிக்கப் போக வேண்டிய நாளில்கூட வயிற்றுவலி என்று சொல்லிவிட்டு வீட்டில் கிடந்தான்.

பாவம் அவள், உருகிப் போனாள். "பிள்ளைய கீழயே விட மாட்டேங்குறார்மா. இப்படி ஒரு அப்பாவ நான் பாத்ததே இல்ல" என்று அம்மாவிடம் போனில் சொல்லிச் சொல்லி மாய்ந்தாள். அவன் காதில் அது விழத்தான் செய்தது. பெருமையாகக்கூட இருந்தது, வெட்கங்கெட்டவனுக்கு.

ஆனால் ஆள் இல்லாத பகல்கள் இருக்கின்றனவே. அவன் அக்கா வீட்டில் லைட்டைச் சரி செய்துகொண்டிருக்கும்போது அவன் மகள் பஞ்சுக்கூட்டில் தாடை நெஞ்சில் பட முடங்கிக் கிடந்தாள். அம்மாக்காரி பக்கத்தில் உட்கார்ந்து, மடியக்காவின் வீடியோவுக்குக் கீழே எழுதினாள்: 'இது முழுக்க உண்மை. இவங்க என் அண்ணி. இந்த வீடியோவை எடுத்ததே என் கணவர்தான். எங்க பாப்பாவும் இதுலதான் தூங்குறா. பயப்படாம வாங்குங்க.' கூடவே பிள்ளை தூங்குகிற படம் ஒன்று.

அந்தக் கமெண்ட்டை ஆயிரக்கணக்கானோர் படித்தார்கள். மடியக்கா அதைப் பிடித்து எல்லோர் கண்ணிலும் படுகிற மாதிரி மேலே வைத்தாள். ஏஜென்சிக்காரனுக்கு வாயெல்லாம் பல். "அக்கா, உங்க வீடியோவ விட இது நல்லா ஓடுது. யாரு இவங்க? நம்ம ஆளா?" என்று கேட்டான். கேமராக்காரன் பக்கத்தில் நின்று ஒயரைச் சுருட்டிக்கொண்டிருந்தான். தன் மனைவியின் வாய் எப்போது அவர்களுடைய கடைவாசல் ஆனது என்று அவனுக்கு உறைத்தது. உறைத்து என்ன? ஒயரைச் சுருட்டி முடித்தான்.

தடுப்பூசி போடுகிற நாள் வந்தது. கேமராக்காரனும் கூடப் போனான். கிளினிக்கில் நாற்காலி கிடைக்காமல் அம்மாக்கள் சுவரோரம் நின்றுகொண்டிருந்தார்கள். நர்ஸ் பிள்ளையை எடைத் தட்டில் கிடத்தி, வழக்கமான கேள்விகளை வரிசையாகக் கேட்டாள். எதில் தூங்க வைக்கிறீர்கள் என்பதும் அதில் ஒன்று.

"பஞ்சுக்கூடு சிஸ்டர். பாருங்க, போட்டோ இருக்கு."

நர்ஸ் பார்த்தாள், முகம் மாறியது. "இதுல தூங்க விடாதீங்கம்மா. கழுத்து மடங்கினா மூச்சு அடைக்கும். இந்த வயசுல சமமான இடத்துல மல்லாக்கப் போடணும். இன்னைக்கே எடுத்துருங்க."

வேறொருத்தியாக இருந்தால் தலையாட்டியிருப்பாள். இவள் விடவில்லை. "இல்ல சிஸ்டர், எங்க அண்ணி அவங்க சொந்தப் பிள்ளையையே இதுலதான் போடுறாங்க. தெரியாத பிள்ளையா, பெத்த பிள்ளை! எங்க வீட்டுக்காரர் கூடவே இருந்து பாத்தவர். நீங்களே கேளுங்க."

சுவரோரம் நின்ற ஒரு பெண் கைப்பிள்ளையோடு முன்னால் வந்தாள். "அந்த கமெண்ட் போட்டது நீங்கதானா? உங்களப் பாத்துத்தாங்க நானும் வாங்கினேன். மடியக்கா வீட்டு ஆளே சொல்றாங்களேன்னு."

நர்ஸ், அந்தப் பெண், மனைவி, மூவரும் கேமராக்காரனைப் பார்த்தார்கள். கையில் கேமரா இருந்தால் முகத்தை மறைத்துக்கொள்ளலாம். அன்றைக்குக் கையில் பிள்ளையின் வாய் துடைக்கிற துணி மட்டும்தான் இருந்தது.

"சொல்லுங்களேங்க" என்றாள் மனைவி. அவள் குரலில் சந்தேகம் துளியும் இல்லை. அதுதான் அவனைக் கொன்றது.

"அது... அக்கா அதுல போடல" என்றான். "படம் எடுக்க மட்டும்தான். வேற இடத்துல தூங்க வச்சு நான்தான் தூக்கிட்டு வந்து வச்சேன். முடிஞ்சதும் பரண்ல போட்டாச்சு. காசு வாங்கிக்கிட்டு சொன்னது. அக்காவுக்கே அதுல போட பயம்."

"உங்களுக்கு எப்போ தெரியும்?"

"அன்னைக்கே."

கைப்பிள்ளைக்காரி பிள்ளையை இறுக்கிக்கொண்டு விருட்டென்று வெளியே போனாள். வீட்டில் இருக்கிற பஞ்சுக்கூட்டை நோக்கித்தான் போயிருப்பாள். கேமராக்காரன் மனைவி பிள்ளைக்கு ஊசி போட்டு முடிக்கிறவரை நின்றாள், பிள்ளையின் தொடையைத் தேய்த்துவிட்டாள், வெளியே படிக்கட்டிலேயே உட்கார்ந்து போனை எடுத்தாள். 'நான் எழுதினது தப்பு. அண்ணி தன் பிள்ளையை இதுல போடல. காசுக்குச் சொன்னாங்க. தயவுசெய்து யாரும் இதுல பிள்ளைகளைத் தூங்க வைக்காதீங்க' என்று அதே வீடியோவுக்குக் கீழே எழுதினாள். வீடு வந்து சேர்வதற்குள் அது காணாமல் போயிருந்தது. மறுபடி எழுதப் பார்த்தால் மடியக்கா வழியையே அடைத்திருந்தாள். ஆனால் அதற்குள் படித்தவர்கள் படித்துவிட்டார்கள், கேள்வி கேட்க ஆரம்பித்துவிட்டார்கள்.

இரண்டாம் நாள் மடியக்கா ஒரு வீடியோ போட்டாள். பொட்டு இல்லை, உதட்டுச் சாயம் இல்லை, கண்ணீர் மட்டும். "சொந்த ரத்தமே முதுகுல குத்தினா ஒரு அம்மா எங்க போவா?" என்று கேட்டாள். பஞ்சுக்கூட்டைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நடுநடுவே ஒரு பெட்டியிலிருந்து மெல்லிய காகிதத்தை உருவிக் கண்ணைத் துடைத்தாள். பெட்டியின் பெயர் கேமராவைப் பார்த்துத் திரும்பியிருந்தது. அப்படித் திருப்பி வைக்கச் சொல்லிக் கொடுத்தவன் தம்பிதான். 'அழாதீங்கக்கா' என்று கீழே ஆயிரம் பேர் எழுதினார்கள். அந்தக் காகிதம் எந்தக் கடையில் கிடைக்கும் என்று நூறு பேர் கேட்டார்கள்.

வேலை போனது. அதற்காக மனைவி அவனை ஒன்றும் சொல்லவில்லை. பஞ்சுக்கூட்டைப் பிரித்துப் பஞ்சைக் குப்பையில் கொட்டினாள். கத்துவாள், அழுவாள், அம்மா வீட்டுக்குப் போவாள் என்று அவன் எதிர்பார்த்துக் காத்திருந்தான். கத்தினால் காலில் விழுந்து சமாதானம் செய்வதற்குத் தயாராக வசனம்கூட வைத்திருந்தான். அவளோ சோறு போட்டாள், துணி துவைத்தாள், கேட்டதற்குப் பதில் சொன்னாள்.

ஒரு மத்தியானம் அவள் குளித்துவிட்டு வந்தாள். கேமராக்காரன் பிள்ளையைச் சமமான விரிப்பில் மல்லாக்கக் கிடத்தித் தட்டித் தூங்க வைத்திருந்தான். இந்த ஒன்றையாவது ஒழுங்காகச் செய்தோம் என்ற நிம்மதியில் அறை வாசலில் வந்து நின்று மெதுவாகச் சொன்னான்.

"பாப்பா நல்லா தூங்குறா. நீயும் கொஞ்சம் படு."

அவள் தலையைத் துவட்டுவதை நிறுத்தினாள். கோபமாகக்கூட இல்லை, கடையில் விலை கேட்கிற குரலில் கேட்டாள்.

"இப்படிச் சொல்றதுக்கு உங்களுக்கு யாரு காசு குடுக்குறாங்க?"

அவன் வாயைத் திறந்தான். நிஜமாகத்தான் சொல்கிறேன் என்று சொல்லலாம். அதையும் மனசிலிருந்து வருகிற மாதிரிதான் சொல்ல வேண்டியிருக்கும்.

அவள் அவனைத் தாண்டி உள்ளே போனாள். குனிந்து, பிள்ளையின் மூக்கருகே ஈரக் கையை வைத்து, மூச்சு வருகிறதா என்று தானே பார்த்துக்கொண்டாள்.