மரத்துப்போன மனசு

தெருவின் கவலையெல்லாம் அந்த முடிதிருத்தும் கடையில்தான் இறங்கும். கடைக்காரருக்குக் கத்திரியோடு காதும் ஓடும். உட்கார்ந்தவர் கண் கலங்கினால் இவரும் கத்திரியை வைத்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொள்வார். அப்படிப்பட்டவரிடம், ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருநாள் காலை, "அண்ணன் போய்ட்டாருப்பா" என்றார்.

"தலையை நிமிர்த்துங்க" என்றார் கடைக்காரர்.

வேலை முடிந்ததும் தபால்காரர் துண்டை உதறிக்கொண்டு போய்விட்டார்.

இரண்டாவது நாற்காலியில் வேலை பார்ப்பவன் கடைக்காரருடைய மனைவியின் தம்பி. "என்ன அத்தான்? மனுசன் சாவு சொல்றாரு, மரக்கட்டையாட்டம் நிக்கிறீங்க!"

"காதுல விழுந்துச்சு. உள்ள இறங்கல."

சொன்ன பிறகுதான் அவருக்கே பகீரென்றது. மனைவிக்கு வலது கையும் காலும் விழுந்து இரண்டு வருடம். கடைக்குப் பின்னாலேயே வீடு. குளிப்பாட்டுவது, ஊட்டுவது, புரட்டிப் படுக்கவைப்பது எல்லாம் இவர்தான். உதவ வந்த மச்சானை, "என் பொண்டாட்டிய நான் பார்த்துக்குறேன்" என்று வீறாப்பாகத் திருப்பி அனுப்பியவரும் இவரேதான்.

"காலையில உங்கக்கா கால் இழுத்துக்கிட்டு அழுதாடா. எனக்கு அடுப்புல பால் பொங்கிடுமேங்கிறதுதான் கவலை. கல்நெஞ்சுக்காரனாயிட்டேன்." குரல் உடைந்தது.

"கல்நெஞ்சுக்காரன் இதுக்கு அழமாட்டான், கண்ணைத் தொடைங்க. அக்காவுக்கு எப்பவோ தெரியும். 'உங்க அத்தான் பாசமில்லாம இல்லடா, ஓஞ்சு போயிட்டாரு. எங்கயாவது அனுப்பி வை'ன்னு போன வாரமே சொல்லிச்சு. அக்காவுக்குக் கை கால் பயிற்சி குடுக்க வர்ற அம்மாவும் அதையேதான் சொன்னாங்க. ராப்பகலா ஒருத்தரே பார்த்தா யாருக்கும் மனசு மரத்துப் போகுமாம்."

"வாய் குழறுறவ இவ்வளவும் சொன்னாளா?"

"அரைமணி நேரம் ஆச்சு. முடிச்சுட்டுத்தான் விட்டுச்சு."

ஞாயிற்றுக்கிழமையும் புதன் மாலையும் மச்சான் பொறுப்பாயின. முதல் ஞாயிறு கடைக்காரர் தெருமுனைவரை போய் மூன்றுமுறை திரும்பி வந்தார். மச்சான் உள்ளே தாழ்ப்பாள் போட்டுவிட்டான். அடுத்த ஞாயிறு பூங்காவில் அடித்துப் போட்டாற்போல் தூங்கினார். அதற்கடுத்த ஞாயிறு தபால்காரர் வீட்டுக்குப் போய், அவருடைய அண்ணன் கதையை ஆதியோடந்தமாகக் கேட்டார். இருவரும் சேர்ந்தே அழுதார்கள்.

அன்று வீடு திரும்பியபோது மனைவி எதையோ சொல்லத் திணறினாள். வழக்கமாக "தண்ணியா? வலியா?" என்று அவசரப்படுத்துவார். இம்முறை கட்டிலோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்து காத்திருந்தார். ஒவ்வொரு சொல்லாக வந்தது.

"இவன்... பின்னின... சடையப்... பாருங்க."

சடை காதுக்குமேல் கொம்புபோல் நின்றது.

"இவனை நம்பி ஊரே தலையைக் குடுக்குது!" என்றார் கடைக்காரர்.

"எனக்கு வெட்டத்தானே தெரியும்!" சமையலறையிலிருந்து குரல் வந்தது.

அவள் தோள் குலுங்கச் சிரித்தாள். அவரும் சிரித்தார், கண்ணில் நீர் வரும்வரை.

"புதன்கிழமை... எங்க... போறீங்க?" என்று கேட்டாள்.

"தெரியலையே. நீயே ஒரு இடம் சொல்லேன்" என்று நாற்காலியை இன்னும் கிட்டத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார்.