ஊதாத பத்து நாள்

கெங்கம்மாவின் தாலிக் கயிற்றில் எப்போதும் நாலைந்து ஊக்கு தொங்கும். புடவைக்கு ஒன்று, அறுந்த செருப்புக்கு ஒன்று, மிச்சமெல்லாம் பீம்ராவின் பல்லுக்கு. ஞாயிற்றுக்கிழமை பீஃப் குழம்பு சாப்பிட்டு முடித்ததும் மனுஷன் அவள் மடியில் தலை வைத்து வாயைத் திறந்துகொள்வான். பல் இடுக்கில் மாட்டிய கறி நாரை அவள் ஊக்கால் பதமாக நெம்பி எடுப்பாள். இருபத்தாறு வருஷமாக நடக்கிற கூத்து இது. புளியந்தோப்பு ஹவுசிங் போர்டு மூன்றாவது மாடியில் இதைவிடப் பெரிய கொஞ்சல் அவர்களுக்குள் கிடையாது.

அந்த ஞாயிறு மட்டும் அவன் மடிக்கு வரவில்லை. சுவர் ஓரமாகப் படுத்து, வாயைப் பிளந்துகொண்டு தூங்கிவிட்டான். மேல்வரிசை முன்பல் இரண்டுக்கும் நடுவே, ஈறு ஓரத்தில், மஞ்சளாக ஒரு நார் எட்டிப் பார்த்தது. கெங்கம்மாவுக்குக் கை சும்மா இருக்குமா? ஊக்கைக் கழற்றி ஒரே இழுப்பு. நினைத்ததைவிட நீளமாக வந்தது. கூடவே கொஞ்சம் ரத்தமும் வந்தது.

பீம்ராவ் பதறி எழுந்து, அவள் விரலில் ஒட்டியிருந்ததைப் பார்த்தான். கத்துவான் என்று நினைத்தாள். அவன் கத்தவில்லை. முகத்தைக் கையால் மூடிக்கொண்டு உட்கார்ந்துவிட்டான்.

"அது கறி இல்லமே. மருந்து."

பிறகுதான் எல்லாம் வெளியே வந்தது. பீம்ராவ் பேண்டு செட்டில் டிரம்பெட் ஊதுகிறவன். வியாசர்பாடியிலிருந்து ராயபுரம் வரை கல்யாணமோ சாவோ, அவன் ஊதினால் ஜனம் நின்று கேட்கும். டிரம்பெட்டை உதட்டோடு அழுத்தும்போது அந்த பாரத்தைத் தாங்குவது அந்த இரண்டு முன்பல்தான். ஆறு மாதமாக அவை ஆடிக்கொண்டிருந்தன. ஊதி முடித்தால் உதடு வைக்கிற மவுத்பீஸில் ரத்தம். செட்டு வைத்திருக்கிற பிராங்கிளினுக்குத் தெரிந்தால் மறுநாளே வேறு ஆள். பெண்டாட்டிக்குத் தெரிந்தால் வீடு இரண்டாகிவிடும். அதனால் பிராங்கிளினிடம் காய்ச்சல் என்று சொல்லிவிட்டு, யாருக்கும் தெரியாமல் பல் ஆஸ்பத்திரிக்குப் போய், ஈறுக்குள் மருந்து நூல் வைத்துக்கொண்டு வந்திருக்கிறான்.

"எங்கிட்ட சொல்றதுக்கு இன்னாய்யா?" என்றாள். "நான் புடுங்கிட்டேனே. எங்கையாலயே புடுங்கிட்டேனே."

மறுநாள் காலை அவனை இழுத்துக்கொண்டு அவளே ஆஸ்பத்திரிக்குப் போனாள். டாக்டர் ஹஃப்சாவுக்கு மகள் வயதுதான் இருக்கும். அவனை முந்திக்கொண்டு, "நாந்தாம்மா ஊக்கால இஸ்துட்டேன்" என்று கெங்கம்மா ஒப்புக்கொண்டாள். டாக்டர் திட்டவில்லை. பல்லுக்கும் ஈறுக்கும் நடுவே விழுந்த பள்ளத்தைக் கண்ணாடியில் காட்டினாள்.

"மாத்திரை சாப்பிட்டா மருந்து உடம்பு பூரா சுத்திட்டுத்தான் இங்க வரும். இந்த நூல் கிருமி இருக்கிற பள்ளத்துலயே உக்காந்து, கொஞ்சம் கொஞ்சமா மருந்தை விடும். அப்புறம் தானா கரைஞ்சிடும். பத்து நாள் அந்த இடத்துல பிரஷ் படக்கூடாது, விரல் படக்கூடாது. ஊதவே கூடாது." புது நூலை வைத்துவிட்டு கெங்கம்மாவைப் பார்த்துச் சொன்னாள்: "இந்தத் தடவையும் கெட்டுப்போச்சுன்னா, பல்லை எடுக்கிறதைத் தவிர வேற வழி இல்லம்மா."

வீட்டுக்கு வந்ததும் கெங்கம்மா தாலியிலிருந்த ஊக்கையெல்லாம் கழற்றி டப்பாவில் போட்டாள். டிரம்பெட்டின் மவுத்பீஸைத் தனியே உருவி முந்தானையில் முடிந்துகொண்டாள். பல் போன டிரம்பெட்காரனை எவன் கூப்பிடுவான்? ஊதாத பீம்ராவை அவளால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

அந்த வியாழக்கிழமை கெங்கம்மாவின் தம்பி லட்சுமணன் போய்விட்டான். சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டில் கம்பி ஏற்றிக்கொண்டிருந்தவன் மாரைப் பிடித்துக்கொண்டு சரிந்திருக்கிறான். ஆஸ்பத்திரியில் கையை விரித்துவிட்டார்கள். தாய் இல்லாத பிள்ளை. கெங்கம்மா இடுப்பில் தூக்கி வளர்த்த பிள்ளை. போன மாதம்கூட, "நான் பூட்டேன்னா மாமாதான் ஊதணும், சொல்லிட்டேன்" என்று சிரித்துக்கொண்டே சொன்னவன்.

சாவு வீட்டுப் பந்தலில் பீம்ராவ் அவள் பக்கத்தில் வந்து கையை நீட்டினான்.

"குடுமே. ஒரே ஒரு பாட்டு. பல்லு போனா போவுது."

"வேணாம்."

"உன் தம்பிமே அவன்."

"தெரியும். வேணாம்."

அவள் அழவில்லை. அழுதால் அவன் முடிச்சைப் பிடுங்கியாவது ஊதிவிடுவான் என்று அவளுக்குத் தெரியும். முந்தானை முடிச்சை இடுப்பில் செருகிக்கொண்டு கல்லாக நின்றாள்.

லட்சுமணன் பெண்டாட்டி ரமாபாய் அதைப் பார்த்துவிட்டாள். "அண்ணே ஊதலியா? அவுரு ஆசப்பட்டாரே அண்ணி!" பிராங்கிளின் மூன்றடி தள்ளி டிரம்மை இறுக்கிக்கொண்டு நின்றான். அவன் காதுபடப் பல்லைப் பற்றி எப்படிச் சொல்வது?

"நாந்தான் வேணாம்னேன்" என்றாள் கெங்கம்மா. "சாவு வூட்டுக்காரனே எவனாச்சும் ஊதுவானா?"

"தம்பி செத்துகீறான், கண்ணுல ஒரு சொட்டுத் தண்ணி இல்ல. நீயெல்லாம் ஒரு அக்காவா?" என்றாள் ரமாபாய்.

வேறொருவன் டிரம்பெட் ஊத, பாடை கிளம்பியது. பெண்கள் தெருமுனையோடு நின்றுவிட வேண்டும். பாடைக்குப் பின்னால் பீம்ராவ் தன் டிரம்பெட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நடந்தான். மவுத்பீஸ் இல்லாத டிரம்பெட். அதன் மூன்று பொத்தான்களிலும் அவன் விரல்கள் ஏறி இறங்கிக்கொண்டே போயின. லட்சுமணனுக்குப் பிடித்த மெட்டு. பக்கத்தில் நின்றவர்களுக்கு அது வெறும் விரல். கெங்கம்மாவுக்கு முழுப்பாட்டும் கேட்டது.

பத்து நாள் முடிந்து டாக்டர் ஹஃப்சா விளக்கைப் போட்டுப் பார்த்தாள். "ரத்தம் இல்ல. ஆட்டம் நல்லா குறைஞ்சிருக்கு. மூணு மாசம் கழிச்சு அளந்து பாப்போம்." பீம்ராவ் கேட்கத் தயங்கியதை கெங்கம்மா கேட்டாள். "ஊதலாம்மா. மெதுவா."

வெளியே வந்ததும் கெங்கம்மா ரமாபாய்க்குப் போன் போட்டாள். எடுக்கவில்லை.

இடுகாட்டுக்குப் பெண்கள் போகிற வழக்கம் அவர்கள் பக்கத்தில் இல்லை. டிரம்பெட்டோடு பீம்ராவைக் கூட்டிக்கொண்டு கெங்கம்மா போனாள். மண் இன்னும் படியாத மேட்டின் முன்னால் நின்று முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். வியர்வைப் பிசுபிசுப்போடு இருந்த மவுத்பீஸை பீம்ராவ் சட்டையில் துடைத்து மாட்டினான். முதல் ஊது பிசிறியது. உதட்டை நனைத்துக்கொண்டு மறுபடி ஊதினான். இந்தத் தடவை நாதம் பிசிறாமல் நின்றது.

பாட்டு இரண்டாவது அடிக்கு வருவதற்குள் கெங்கம்மா மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். தம்பிக்காக அவள் அழுதது அப்போதுதான்.