மாடியைத் தாங்கும் சுவர்

மாடியில் சின்னவள் சமையலறைச் சுவரை எடுத்துவிட்டு ஹாலைப் பெரிதாக்கிய நாளிலிருந்து, கீழே பெரியவளுக்கு எதைச் சாப்பிட்டாலும் செரிக்கவில்லை. ஒரே வீடு, மாமனார் செங்கல் செங்கலாகப் பார்த்துக் கட்டியது. கீழ்த்தளம் மூத்த மகனுக்கு, மாடி இளைய மகனுக்கு என்று அவர் பிரித்துக் கொடுத்தபோது ஓரகத்திகள் இரண்டு பேரும் சிரித்த முகமாகத்தான் தலையாட்டினார்கள். சுவர் போன பிறகுதான் பெரியவளின் சிரிப்பும் போனது.

கீழே வந்து உட்காருகிற விருந்தாளிகள் தண்ணீர் குடித்த கையோடு, "மேல ஒரு நிமிஷம் பாத்துட்டு வந்துடறோம்" என்று எழுந்துவிடுவார்கள். அந்த ஒரு நிமிஷம் முடிவதற்குள் இவள் போட்டு வைத்த டீ ஆறி ஆடை கட்டிவிடும். இறங்கி வந்தால் வாய் ஓயாது. என்ன வெளிச்சம், என்ன விசாலம்! "ஆமா, சுவரை இடிச்சா வெளிச்சம் வராம இருட்டா வரும்?" என்று பெரியவள் சொல்வாள். சிரித்துக்கொண்டேதான் சொல்வாள், ஆனால் எதிரில் இருப்பவர்கள் சிரிக்க மாட்டார்கள்.

இதைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பாள். பொறுக்க முடியாதது மாமனார் மாடிக்குப் போனதுதான். மாமியார் இறந்ததிலிருந்து அவர் கீழேதான் இருந்தார். கண்ணுக்குச் சொட்டு மருந்து விடுவதிலிருந்து கால் நகம் வெட்டுவது வரை பெரியவள்தான். முழங்கால் இரண்டும் மக்கர் செய்கிற மனிதரை, புது ஹாலைப் பார்க்க வேண்டும் என்றாரே என்று இரண்டு மகன்களும் கைத்தாங்கலாக மேலே கூட்டிப்போனார்கள். சாயங்காலம் இறங்கிவிடுவார் என்று இவள் காத்திருந்தாள். இறங்கியது அவரல்ல. சாய்வு நாற்காலியை எடுத்துப்போகக் கொழுந்தன்தான் இறங்கி வந்தான். "அப்பாவுக்கு அங்க நல்லா இருக்காம் அண்ணி." இத்தனை வருஷம் இங்கே மட்டும் என்ன கெட்டு இருந்ததாம்?

கீழேயும் சுவரை எடுத்துவிட வேண்டியதுதான் என்று அன்றே முடிவு செய்தாள். மேலே இருப்பதைவிட ஒரு முழமாவது பெரிய ஹால். அப்புறம் மாமனார் எங்கே போவார் என்று பார்க்கலாம்.

மாடி வேலையைச் செய்த அதே இன்ஜினியரம்மாவை வரவழைத்தாள். அந்த அம்மா சுவரைத் தட்டிப் பார்த்தாள், அளந்தாள், மேலே போய்விட்டு வந்தாள்.

"மேல எடுத்த மாதிரி இதைச் சட்டுனு எடுக்க முடியாதுங்க. அவங்க சுவர் மேல வெறும் மொட்டை மாடிதான். உங்க சுவர் மேல ஒரு வீடே இருக்கு."

"அவ எடுக்கலாம், நான் எடுக்கக் கூடாதா?"

"எடுக்கலாம். ஆனா முறை இருக்கு. மேல சுவரை எடுத்துட்டு ஒரு உத்தரம் போட்டோம் இல்லையா? அதோட ஒரு முனை வெளிச் சுவர் மேல உட்கார்ந்திருக்கு. இன்னொரு முனைக்கு ஒரு தூண் கட்டினோம். முன்னாடி அந்தச் சுவர் முழுக்கப் பரவி இறங்கின பாரம், இப்ப அந்தத் தூண் வழியா ஒரே இடத்துல இறங்குது. அந்த இடம் உங்க சுவரோட நட்ட நடு. முதல்ல மேல அந்த உத்தரத்துக்கு முட்டுக் கொடுக்கணும். அப்புறம் கீழே ரெண்டு பக்கமும் முட்டு. புதுசா அஸ்திவாரம் போட்டு, இரும்புத் தூண் நிறுத்தி, இரும்பு உத்தரம் ஏத்தி, பாரம் அதுக்கு மாறின பிறகுதான் சுவர்ல கை வைக்கணும். அதுவரைக்கும் ரெண்டு குடும்பமும் வெளியேதான் இருக்கணும். மேல இருக்கறவங்க சம்மதம் இல்லாம நான் ஆரம்பிக்க மாட்டேன்."

இவ்வளவு நீளப் பேச்சில் பெரியவள் காதில் விழுந்தது இரண்டே விஷயம். ஒன்று, சின்னவளின் கொண்டாடப்பட்ட ஹால் தன் சுவரின் தயவில் நிற்கிறது. அதைக் கேட்டதும் உச்சி குளிர்ந்துவிட்டது. இரண்டாவது, தன் சுவரைத் தொட, போயும் போயும் சின்னவளிடம் போய்க் கேட்க வேண்டும். குளிர்ந்த உச்சி மறுபடி கொதித்தது. கேட்பதாவது! என் வீடு, என் சுவர்.

அவள் கணவர் வேலை விஷயமாக வெளியூர் போயிருந்த வாரத்தில், வேறொரு மேஸ்திரியைக் கூப்பிட்டாள். அவர் விவரம் தெரிந்த ஆள்தான். சுவரைப் பார்த்ததும் முதல் கேள்வியாக இதைத்தான் கேட்டார்.

"இன்ஜினியர் யாராவது பாத்தாங்களாம்மா?"

"பாத்தாச்சு."

பார்த்தது உண்மை. என்ன சொன்னாள் என்று மேஸ்திரி கேட்கவில்லை, இவளும் சொல்லவில்லை. மாடியில் பழைய சுவர் அப்படியே இருக்கிறது என்று நினைத்து, அவர் கீழ்த்தளத்துக் கூரைக்கு மட்டும் இரண்டு பக்கமும் இரும்பு முட்டுகளை நிறுத்தினார். பிறகு சுவரின் நடுவில் உளியை வைத்தார். முதல் செங்கல் உருண்டு விழுந்தபோது பெரியவளுக்கு அப்படியொரு ஆனந்தம். காதுக்கு இனிமையாக இருந்தது என்றே சொல்லலாம்.

ஓர் ஆள் தலையை நுழைக்கிற அளவுக்கு ஓட்டை விழுந்திருந்தபோது சின்னவள் இறங்கி வந்தாள். சண்டைக்கு வருகிறாள் என்று பெரியவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். ஆனால் அவள் கையில் வேலையாட்களுக்கு டீ இருந்தது. இப்படி நல்லவளாக இருப்பதைத்தான் பெரியவளால் மன்னிக்கவே முடிவதில்லை.

"சொல்லவே இல்லையே அக்கா! ரொம்ப நல்லா வரும் பாருங்க. ஆமா, காலையிலேர்ந்து மேல பின்கதவு சாத்த மாட்டேங்குது. தூண்கிட்ட தரையில ஓடு வேற ஒண்ணு விரிஞ்சிருக்கு. சத்தத்துல அதிர்ந்திருக்கும் போல."

சின்னவளின் பளபளக்கும் தரையில் விரிசல்! பெரியவளுக்குள் ஏதோ ஒன்று துள்ளிக் குதித்தது. நன்றாக விரியட்டும் என்றுதான் தோன்றியது, அதை மறைப்பானேன். அடுத்த வார்த்தை வரும் வரைக்கும் தோன்றிக்கொண்டுதான் இருந்தது.

"மாமாவும் சொன்னார், தான் சாஞ்சிருக்கற தூண் உறுமுற மாதிரி இருக்குன்னு. அந்தத் தூணோரமாத்தானே அவர் நாற்காலியைப் போட்டிருக்கேன்."

பெரியவள் பாய்ந்து மேஸ்திரியின் கையைப் பிடித்தாள். "மேஸ்திரி, நிறுத்துங்க!" என்று கத்தினாள். "நேர் மேல தூண் இருக்கு. அவ்வளவு பாரமும் நீங்க இடிக்கிற இடத்துலதான் இறங்குது."

மேஸ்திரியின் முகம் செத்துவிட்டது. "இதை முன்னாடியே சொல்ல மாட்டீங்களாம்மா!" என்றவர் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. ஓட்டைக்குள்ளேயே ஓர் இரும்பு முட்டு நிறுத்தி, அதை முறுக்கி உயர்த்தத் தொடங்கினார். "எல்லாரும் வெளியே போங்க. அந்த இன்ஜினியரைக் கூப்பிடுங்க."

பெரியவள் படியில் ஓடினாள். இத்தனை மாதம் மாடிப்படியை மிதிக்க மாட்டேன் என்று வீம்பாக இருந்தவள் அவள். மாமனார் தூணோடு முதுகை ஒட்டிச் சாய்ந்திருந்தார். இவளைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"வாம்மா, இப்பத்தான் வழி தெரிஞ்சுதா?"

"எழுந்திருங்க மாமா. கீழே போகணும், உடனே."

"இந்தக் காலை வெச்சுக்கிட்டா? எதுக்கு?"

சின்னவள் பின்னாலேயே வந்து நின்றாள். அவள் முன்னால் சொல்வதற்குச் செத்துப்போகலாம் போலிருந்தது. ஆனாலும் சொன்னாள். "கீழே சுவரை இடிக்கச் சொன்னேன். கூடாதுன்னு இன்ஜினியர் சொல்லியும், யாருக்கும் தெரியாம இடிக்கச் சொன்னேன். இந்தத் தூணுக்குக் கீழேதான் ஓட்டை போட்டிருக்கு. வாங்க மாமா, உங்க கால்ல விழறேன்."

சின்னவள் மறுபக்கம் போய் அவர் கையைத் தன் தோளில் போட்டுக்கொண்டாள்.

எப்படி இறக்கினார்கள் என்று இரண்டு பேருக்கும் நினைவில்லை. இன்ஜினியரம்மா வந்து, மாடி உத்தரத்துக்கு முட்டுக் கொடுக்க வைத்து, ஓட்டையைக் கல்லும் கலவையும் கொண்டு இறுக்கமாக அடைக்க வைத்தாள். "நின்னுடும். ஆனா நான் சொல்ற வரைக்கும் யாரும் உள்ள போகக் கூடாது" என்று சொல்லிவிட்டு, பெரியவளை ஒரு பார்வை பார்த்தாள். அதற்கு நாலு அறை அறைந்திருக்கலாம்.

எதிர்வீட்டுக்காரர்கள் தெருவோரம் ஒரு நாற்காலி போட்டு மாமனாரை உட்கார வைத்திருந்தார்கள். அவர் பெரிய மருமகளைப் பக்கத்தில் கூப்பிட்டார்.

"எதுக்கும்மா இடிக்கச் சொன்னே?"

"நீங்க கீழே வரணும்னுதான் மாமா. விசாலமா வேணும்னுதானே என்னை விட்டுட்டு மேல போனீங்க?"

"விசாலத்தை வெச்சுக்கிட்டு நான் என்ன பந்தா விளையாடப் போறேன்? மேல இவ அடுப்புகிட்ட நின்னுக்கிட்டே எதையாவது தொணதொணன்னு பேசிட்டிருப்பா. கீழே நீ சமையலறைக் கதவைச் சாத்தினா சாப்பாட்டுக்குத்தான் திறப்பே. அதுவரைக்கும் எனக்கு அந்தச் சுவர்தான் துணை."

"அடுப்புப் புகை உங்களுக்கு ஆகாதேன்னு சாத்தினேன் மாமா. இருமுவீங்களே."

"இருமிட்டுப் போறேன். கதவைத் திறந்து வெச்சிருந்தா போதுமேம்மா."

மாமனாரின் தோளிலிருந்து துண்டு நழுவியது. சின்னவள் குனிந்து அதை எடுத்துப் போர்த்திவிட்டாள். உடலெல்லாம் சுவர்த் தூசியோடு, தெருவே வேடிக்கை பார்க்க, மானம் கப்பலேறி நின்ற அந்த நேரத்திலும், இவளை முந்திக்கொண்டு அந்தத் துண்டை நான் எடுத்திருக்கக் கூடாதா என்றுதான் பெரியவளுக்கு இருந்தது.